இறங்கும் பக்கத்துக் கைப்பிடி

என் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மாடியிலிருந்து தூக்கி இறக்கியது மொத்தம் மூன்று தடவை. முதல் தடவை அவருக்கு நினைவில்லை. வாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துபோன காலை அது. மற்ற இரண்டும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, தில்லை நகரில் ஒரு இடத்துக்குப் பிசியோதெரபிக்குப் போவதற்காக. கடைசித் தடவை பாதிப் படியில் நாற்காலியின் பின்கால் ஒன்று வளைந்துவிட்டது. முன்னால் பிடித்திருந்த ஆட்டோக்காரர் "ஐயோ, சார்!" என்று கத்தினார். பின்னால் பிடித்திருந்த எதிர்வீட்டுக்காரர் முட்டி போட்டுத் தாங்கிக்கொண்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

விழவில்லை. ஆனால் ஆட்டோவில் ஏறியதும் அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னமே என்னைய யாரும் தூக்கக் கூடாது. நடந்து எறங்க முடிஞ்சா எறங்குறேன். இல்லாட்டி மாடியிலயே கெடக்குறேன்."

சொன்னபடி கிடந்தார். வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டிய பிசியோ அப்படியே நின்றது. அங்கிருந்த பெண், நல்ல மனசு, இரண்டு தடவை வீட்டுக்கே வந்து பார்த்தாள். கையில் குச்சியோடு வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து எங்கள் மாடிப்படியைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் நடக்குறாரு. இதுக்கு ஒரு கைப்பிடி இருந்தா அவரே எறங்கிடுவாரும்மா. நான் அடிக்கடி வர முடியாது, மெஷினெல்லாம் அங்கதான் இருக்கு. நாள் தள்ளாதீங்க. கை இறுகிடுச்சுன்னா அப்புறம் பிரிக்கிறது கஷ்டம்."

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள், மேலே வாடகைக்கு நாங்கள். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, நேராகப் பதினாறு படி. ஏறும்போது இடது பக்கம் வீட்டுச் சுவர். வலது பக்கம் ஒன்றுமில்லை. எப்போதோ இருந்த கம்பிகளை அறுத்தபோது விட்டுப்போன துருப்பிடித்த முளைகள்தான் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருஷம் இந்தப் படியில் தண்ணீர்க்குடமும் காஸ் சிலிண்டரும் ஏறியிருக்கின்றன. ஒரு நாளும் கைப்பிடி வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றியதில்லை.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடிக்கு இருபத்தாறு வருஷம், ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றே டிக்கெட் கொடுத்தவர். நான் பத்தாவது வரை படித்தேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். பேச்சு எனக்கு வராது. காந்தி மார்க்கெட்டில் கண்முன்னாலேயே அழுகின தக்காளியை எடுத்துப் பையில் போட்டாலும், பார்த்துக்கொண்டே வாங்கி வருகிறவள் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்தக் கைப்பிடி விஷயத்தில் நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் அதுதான்.

கீழ்வீட்டு மாமாவிடம் அனுமதி கேட்கப் போனேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. யோசித்துவிட்டுச் சொன்னார்.

"திறந்த பக்கம்தானே? போட்டுக்கோங்கோ. பாக்கறதுக்கும் லட்சணமா இருக்கும்."

செலவு எங்களுடையது என்பதை மாமி உள்ளேயிருந்து சேர்த்துச் சொன்னார்.

பைப் வாங்கப் போகும் முன் வீட்டிலேயே அளவு பார்த்தோம். கை முழுதாகச் சுற்றி மூட வேண்டும் என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள். சப்பாத்திக் கட்டை, துடைப்பக் குச்சி, தண்ணீர்க் குழாய், உலக்கை என்று ஒவ்வொன்றாக அவருடைய நல்ல கையில் கொடுத்தேன்.

"உலக்கை எதுக்குடி? என்னைய நெல்லு குத்தச் சொல்லப் போறியா?"

"பிடிச்சுப் பாருங்க."

"பஸ் கம்பி மாதிரி இருக்கணும். பிடிச்சா கைக்குள்ள அடங்கணும், கை அதுல வழுக்கக் கூடாது. கெழவியெல்லாம் எந்தக் கம்பியப் பிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பருத்த கம்பிய ஒருத்தியும் தொடமாட்டா."

சப்பாத்திக் கட்டையின் நடுப்பகுதிதான் சரியாக இருந்தது. இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். நாலே முக்கால் அங்குலம். அந்த அளவில் ஒரு துணி நாடாவை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

இதற்குள் ஓசூரில் இருக்கும் மகள் போனில் படமாக அனுப்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வைத்தது, மரம் வைத்தது, ராத்திரியில் விளக்கு எரிவது. "இது சூப்பரா இருக்கும்மா" என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியிருந்தாள். அப்பா எதைப் பிடிப்பார் என்று ஒரு படத்திலும் தெரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் கைகூப்புகிற பொம்மையைப் பதிலாகப் போட்டேன்.

பாலக்கரையில் எஸ்.எஸ். பைப்பில் கேட்டும் கைப்பிடியும் செய்கிற கடைக்குப் போனேன். வாசலிலேயே நாலைந்து மாதிரிக் கைப்பிடிகள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று நின்றன. தூணுக்குத் தூண் உருண்டை, உருண்டைக்கு மேல் தாமரை மொட்டு. எல்லாமே என் மணிக்கட்டைவிடப் பருமன்.

"ரெண்டு இஞ்ச்க்கா. எல்லாரும் இதான் போடுறாங்க. கெத்தா இருக்கும்" என்றார் கடைக்காரர். கடையும் அவருடையதுதான், மாட்டுகிறவரும் அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"சுத்தளவு நாலே முக்கால் வேணும்ங்க" என்றேன்.

"என்னா நாலே முக்கால்?"

நாடாவை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்த ஆளிடம் நீட்டினார்.

"யக்கா, இது ஜாக்கெட் இல்லக்கா. பைப்புக்குக் குறுக்களவுதான் சொல்லணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நாடாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் வந்துவிட்டால் மறுபடி இன்னொரு கடையில் ஏற வேண்டும், அங்கேயும் நாடாவைக் காட்ட வேண்டும். அதை நினைத்தே நின்றேன். அவர் ஒவ்வொரு பைப்பாக நாடாவைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றரை அங்குலப் பைப்புக்குச் சரியாக வந்தது.

"இது ஒல்லியா இருக்கும்க்கா. வீட்டுக்கு எடுப்பா இருக்காது."

"இதே போதும்ங்க."

"பால் உருண்டையாவது வச்சுக்குங்க. மொட்டையாத் தெரியும்."

"உருண்டை வேணாம்ங்க. கை தடுக்கும்."

கடை படியிறங்கும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அதுதான் கேடு. அந்த மரியாதையோடு நான் மற்றதைச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்காரர் அளவெடுக்க வந்தார். படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி கேட்டார்.

"சாருக்கு எந்தக் கைக்கா நல்லாருக்கு?"

"வலது கை."

"அப்ப வலது பக்கம். தொறந்த பக்கமும் அதான். கரெக்டாப் போச்சு."

நானும் அவர் பக்கத்தில் கீழேதான் நின்றிருந்தேன். நானும் அண்ணாந்து பார்த்தேன். வலது பக்கம் வலது பக்கமாகத்தான் தெரிந்தது. "ஆமாங்க" என்று தலையாட்டினேன்.

ஒரே நாளில் வேலை முடிந்தது. துரு முளைகளை அறுத்தெறிந்து, இரண்டு படிக்கு ஒரு தூண் வைத்து, மேலே பைப்பைப் பற்றவைத்து, ஒட்டுப்போட்ட இடத்தையெல்லாம் கை உறுத்தாமல் தேய்த்துக் கொடுத்தார். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. முதல் தூணுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். கீழ்வீட்டு மாமி வெளியே வந்து பார்த்துவிட்டு, "நன்னா பண்ணியிருக்கான். சின்னதா, அடக்கமா இருக்கு" என்றார்.

மறுநாள் காலை அவருக்குச் சட்டை மாட்டி, மாடி வாசலுக்குக் கூட்டி வந்தேன். ஆட்டோ சொல்லியாகிவிட்டது. அவர் வாசல்படியில் குச்சியை ஊன்றி நின்றார். கீழே பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பார்த்தார். அது அவருடைய இடது பக்கம் இருந்தது.

தொங்கிக்கொண்டிருந்த இடது கையை அவர் வலது கையால் தூக்கிப் பைப்பின்மேல் வைத்தார். விரல்கள் மூடவில்லை. கை வழுக்கித் தொடையில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"இது ஏறுறதுக்கு" என்றார். "எறங்குறதுக்கு எங்கே?"

வழுக்கி விழுந்த கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"கீழேருந்து மேல கொண்டாந்து போடுறதுக்கு நல்லா ஏற்பாடு பண்ணியிருக்கே. ஒன்வே."

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் தையல்காரி. எதிரில் நிற்கிறவளின் வலது தோள் எனக்கு இடது பக்கம் என்பது தினமும் கையில் இருக்கிற கணக்கு. முப்பது வருஷத்தில் ஒரு ஜாக்கெட்டுக்குக்கூட கொக்கிப் பட்டியைப் பக்கம் மாற்றித் தைத்ததில்லை. பைப்பின் பருமனை நாடா வைத்துப் பார்த்தவள், அவர் நிற்கப்போகிற இடத்தில் ஒரு தடவை போய் நின்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அட, ஆமால்ல?" என்றார். "சாரைத் திரும்பி நின்னு, பின்பக்கமா எறங்கச் சொல்லுங்களேன்க்கா. அப்ப வலது கை வந்துரும்ல."

என் வீட்டுக்காரர் அதையும் செய்து பார்த்தார். திரும்பி நின்று, வலது கையால் பிடித்து, ஒரு படி பின்பக்கமாகக் காலை இறக்கினார். விழுந்துபோன காலுக்குப் படி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பாதம் படி விளிம்பில் மாட்டி மடங்கியது. நான் இடுப்பைக் கட்டிப் பிடித்து மேலே இழுத்தேன். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே சுவர்ப் பக்கமும் ஒன்று போட வேண்டும். மாமியிடம் போனேன்.

"சுவத்துலயா?" மாமி எழுந்தே விட்டார். "அதுக்கு இந்தண்டைதாண்டி எங்க பெருமாள் உள். சாளக்கிராமம் ஏளியிருக்கார். மாமாவோட தாத்தா காலத்துலேர்ந்து அந்த இடம் மாறலை. அதுல மெஷினை வெச்சுக் குடையறதாவது?"

பெருமாள் உள் என்றால் அவர்கள் வீட்டுப் பூஜை அறை. தினமும் மாமா குளித்துவிட்டு அங்கே உட்கார்ந்து திருவாராதனம் செய்வார். மணிச்சத்தம் படியில் கேட்கும். அது அந்தச் சுவரை ஒட்டித்தான் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. "சரிங்க மாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். எப்படிக் கேட்பது என்று படியிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாமி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். "நல்ல வேளை வந்தே, இந்த ஜாக்கெட் கை பிரிஞ்சுடுத்து, ரெண்டு தையல் போட்டுடு" என்றார். ஜாக்கெட்டோடு மேலே வந்தேன். இன்னொரு தடவை போனேன். கறிவேப்பிலையோடு வந்தேன்.

ஒவ்வொரு தடவையும் அவர் கட்டிலிலிருந்து கேட்பார்.

"கேட்டியா?"

"மாமி வேலையா இருக்காங்க."

"எனக்கு ஒரு வேலையும் இல்லே. மெதுவாக் கேளு."

சுவரே வேண்டாம், அந்தப் பக்கமும் படியிலேயே தூண்களை நட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். நல்ல யோசனையாக இருந்தது. இந்தத் தடவை மாமாவிடமே கேட்டேன். அவர் வெளியே வந்து படியின் அகலத்தைப் பார்த்தார். என் டேப்பில் இரண்டடி பதினோரு அங்குலம்.

"ரெண்டு பக்கமும் தூண் வந்தா இடம் குறுகிடுமே. நாளைக்கு ஒரு பீரோ ஏத்தணும், கட்டில் இறக்கணும்னா?"

"பீரோவெல்லாம் ஒண்ணும் வாங்கலைங்க மாமா."

"அதுக்குச் சொல்லலை. வேற எதாவது... இறக்க வேண்டி வந்தாலும்..."

அவர் நிறுத்திக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாடி வீடு வைத்திருப்பவர்கள் எல்லோருடைய மனதிலும் இருக்கிற கணக்குதான். வாய் தவறி வெளியே வந்துவிட்டது. அவர் முகமே சிறுத்துப்போனது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன், என்னவோ அவருக்கு நான்தான் சமாதானம் சொல்ல வேண்டும் என்பது போல.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. கேட்டிருக்கிறார்.

"என்னைய எறக்குறதுக்கு மாமா அளவு பாத்தாச்சா?" என்றார். "படுத்த மாதிரி கொண்டு போனா ரெண்டடி போதும்னு சொல்லு. நான் ஒண்ணும் அவ்ளோ குண்டு இல்லே."

"வாயை மூடுங்க."

"நீ தொறக்க மாட்டேங்கிற. நானாவது பேசுறேன்."

அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. இடது கை விரல்கள் உள்பக்கம் மடங்கத் தொடங்கின. முதலில் நான் பிரித்துவிட்டால் கொஞ்ச நேரம் பிரிந்தே இருக்கும். பிறகு விட்டதும் மூடிக்கொண்டது. கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. குளிப்பாட்டும்போது ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். நகம் பதிந்து உள்ளங்கையில் நாலு பிறை மாதிரி சிவப்பாகத் தெரியும். பிசியோ பெண்ணுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "சீக்கிரம் கூட்டிட்டு வாங்கம்மா" என்று பதில் வந்தது. யாரை யார் கூட்டிக்கொண்டு போவது?

அந்த வாரத்தில் ஒரு காலை, மாமி மாடிக்கே வந்துவிட்டார். முட்டி வலியால் ஒரு வருஷத்துக்கு மேல் மாடி ஏறாதவர். கையில் உறவுக்காரக் கல்யாணத்துக்கான ஜாக்கெட் துணி.

"உன் கம்பி ரொம்ப சௌகரியமா இருக்குடி! பிடிச்சுண்டு பிடிச்சுண்டு வந்துட்டேன். இவ்வளவு நாளா இல்லாமப் போச்சே" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "இறங்கறதுக்கும் பயமில்லை. இந்தக் கையால பிடிச்சுண்டா ஆச்சு."

இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. துணியை வாங்கித் தையல் மெஷின்மேல் போட்டேன். மாமியின் கையைப் பிடித்து, என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் அவருடைய இடது கையைத் தூக்கி, மாமி கண் முன்னால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வலித்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பாருங்க மாமி. உங்க சுவத்துல ஓட்டை போட்டா நாளைக்கே சிமெண்ட் வச்சுப் பூசிடலாம். இதை எதை வச்சு மாமி பிரிக்கிறது? நாலு தடவை கீழே வந்தேன். கறிவேப்பிலை வாங்கிட்டுத் திரும்பி வந்தேன். நான் கறிவேப்பிலைக்கு வரலை மாமி."

குரல் எனக்கே அந்நியமாக, கீச்சென்று இருந்தது. மாமி உள்ளங்கையைப் பார்த்தார். "அச்சச்சோ" என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

அவர் கையை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டார்.

"சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுக் காட்டுற மாதிரி காட்டிட்டே" என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைக்கூடத் தானே போட்டுக்கொள்ளப் பார்த்துக் குழம்பைக் கொட்டினார். இவ்வளவு நாள் பேசாததற்குக் கோபித்துக்கொண்டவர், பேசியதற்கும் கோபித்துக்கொண்டார். அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமா படியடியிலிருந்து கூப்பிட்டார்.

"இஞ்ச் டேப் எடுத்துண்டு வாங்கோ. சாக்பீஸ் இருந்தா அதுவும்."

பெருமாள் இருக்கிற இடத்தில் மட்டும் சுவரைத் தொடக்கூடாது, மற்ற இடத்தில் துளை போடலாம் என்று மாமி ஒத்துக்கொண்டாராம். ஆனால் பெருமாள் இருக்கிற இடம் வெளியிலிருந்து எது என்று எப்படித் தெரியும்? நான் அந்த அறைக்குள் போக முடியாது. மாமா உள்ளே போனார். நான் படியில் நின்று சுவரில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து அவர் விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக். சத்தம் வந்த இடத்தில் துணிக்குக் கோடு போடுகிற சாக்கால் குறித்தேன். பிறகு அவர் அடுத்த ஓரத்துக்குப் போய்த் தட்டினார்.

"கேக்கறதா?"

"இன்னொரு தடவை தட்டுங்க மாமா."

மாமி உள்ளேயிருந்து, "போறும், பெருமாள் எழுந்துண்டுடப் போறார்" என்றார். அது கோபமா வேடிக்கையா என்று தெரியவில்லை. நான் சிரிக்காமல் குறித்துக்கொண்டேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே அஞ்சரை அடி. கீழிருந்து எண்ணினால் மூன்றாம் படியிலிருந்து ஒன்பதாம் படி வரை. நடுவில் ஒரு ஆணி கூடாது.

கடைக்காரர் வந்து கோடுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"சப்போர்ட் இல்லாம இவ்ளோ தூரம்னா, நீங்க கேக்குற ஒண்ணரை இஞ்ச் ஆடும்க்கா. பெரிய பைப்பு போட்டாத்தான் நிக்கும்."

"பெரிய பைப்பு அவர் கைக்குள்ள வராதுங்க."

"அப்ப ஆடும்."

"நடுவுல ஒரே ஒரு தூண். சுவத்தைத் தொடாம, படியிலேருந்து."

"படியில தூண் கூடாதுன்னு மாமா சொன்னாருன்னீங்களே?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வானத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்குமே அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது.

"கழட்டி மாட்டுற மாதிரி போல்ட் போட்டுக் குடுங்க" என்றேன். "பீரோ வந்தா கழட்டிக்கலாம்."

"பீரோ வந்தா" என்றார் மாமாவும் அவசரமாக.

இன்னொன்றுக்கும் சண்டை போட வேண்டியிருந்தது. கைப்பிடி எங்கே முடிவது என்பது. முதல் கைப்பிடியைக் கடைக்காரர் கடைசிப் படிக்கு மேலேயே நிறுத்திவிட்டிருந்தார், கேட்டில் இடிக்கும் என்று. இந்தத் தடவை நான் மாடி வாசலில், என் வீட்டுக்காரர் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு, வலது கையைச் சுவரில் தேய்த்தபடி இறங்கிப் பார்த்தேன். கடைசிப் படியில் கால் இறங்கும்போதுதான் கை மிகவும் தேடியது. அந்த இடத்தில் கை வெறுமையானால் நானே தடுமாறுவேன்.

"தரை வந்த பிறகும் ஒரு அடி நீளணும்ங்க. மேலேயும் முதல் படிக்கு ஒரு அடி முன்னாடியே ஆரம்பிக்கணும். நுனியைச் சுவர்ப் பக்கம் மடக்கிடுங்க, இல்லாட்டி வேட்டி மாட்டும்."

"யாரும் இப்படிப் போட மாட்டாங்கக்கா. எல்லாரும் படியோட முடிச்சுருவாங்க."

"பரவால்லீங்க."

"பாக்க நல்லாருக்காது."

"அவர் பாக்குறதுக்குப் போடலீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார்.

துளை போட்ட அன்று மாமா விடிகாலையிலேயே திருவாராதனத்தை முடித்துத் திரை போட்டுவிட்டார். டிரில் சுவரில் இறங்கும்போதெல்லாம் மாமி உள்ளே சுவரில் கையை வைத்து, அதிர்வு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். வந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலை சாயங்காலம் முடிந்தது. சுவருக்கும் பைப்புக்கும் நடுவே விரல் தாராளமாகப் போக இடம் விட்டிருந்தது. நடுத்தூணை நான் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். லேசாக, மிக லேசாக ஒரு ஆட்டம் இருந்தது. கழட்டுகிற தூண் அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்கச் சொன்னேன். முடுக்கினார். ஆட்டம் நின்றது. தினமும் பார்க்க வேண்டிய வேலை எனக்கு ஒன்று கூடியது.

பிசியோவுக்குக் காலை பத்தரைக்கு நேரம் வாங்கினேன். பத்து மணிக்கு ஆட்டோ கீழே நின்றது. அவர் இன்னும் என்னோடு அரைகுறையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். குச்சியை என்னிடம் கொடுத்தார். வலது கையால் பைப்பைப் பிடித்தார். கை முழுதாக மூடியது.

"முன்னாடி போ. எனக்குக் கீழே நில்லு. தொடாதே."

அவருக்கு ஒரு படி கீழே, பின்பக்கமாக நானும் இறங்கினேன். அவர் முதலில் விழுந்துபோன காலை இறக்குவார். அது படியைத் தேடும். கண்டுபிடித்ததும் நல்ல காலை அதன் பக்கத்தில் கொண்டு வைப்பார். கையை ஒரு சாண் கீழே நகர்த்துவார். பிறகு நிற்பார். ஒவ்வொரு படிக்கும் இப்படி. நாலு படி இறங்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கீழிருந்து ஒன்பதாவது படிக்கு மேல் வெகுநேரம் நின்றார். துளை இல்லாத இடம் அங்கேதான் ஆரம்பம். பைப் தாங்குமா என்று அவருக்கும் சந்தேகம். கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்தி, மறுபடி அழுத்தி, பிறகுதான் காலை இறக்கினார். கீழே ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். "வர்றோங்க" என்று கத்தினேன். மாமி ஜன்னலில் நின்றார்.

கடைசிப் படி முடிந்து தரையில் இரண்டு காலும் வந்த பிறகும் அவர் அந்த நீட்டிவிட்ட ஒரு அடிப் பைப்பை விடவில்லை. அதைப் பிடித்தபடியே நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். தெருவில் ஆட்டோ இல்லை. கோவில் பக்கம் சவாரி கிடைத்ததாம், போய்விட்டார். மணி பதினொன்று ஆகப் போகிறது. பிசியோ இடத்துக்குப் போன் செய்தேன். உங்கள் நேரம் முடிந்துவிட்டது, அடுத்த ஆள் படுத்தாச்சு, நாளை மறுநாள் வாருங்கள் என்றார்கள்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து கத்த வேண்டும் போல் இருந்தது. எத்தனை நாள், எத்தனை பேரிடம் கெஞ்சல், கடைசியில் ஒரு ஆட்டோ நிற்கவில்லை. ஸ்கேன் படங்கள் இருந்த பையைப் படியில் போட்டேன்.

"நாளன்னைக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்குத்தான்."

"அப்ப ஒம்போதுக்கே ஆரம்பிச்சாத்தான் சரியா வரும்" என்றார். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பி, திறந்த பக்கத்துக் கைப்பிடிக்கு வலது கையை மாற்றினார்.

"ஆட்டோவை முன்னாடியே காசு குடுத்து நிக்கச் சொல்லணும்ங்க" என்றேன் எரிச்சலாக.

"சொல்லு. நீதான் இப்ப நல்லாப் பேசுறியே."

முதல் படியில் நல்ல காலை வைத்து ஏற ஆரம்பித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால், தொடாமல், ஒரு படி கீழே நின்றேன்.